ஊர்க்கணக்கும் தலைக்கணக்கும்

காரைக்கால் நகரிலிருந்து தரங்கம்பாடி நோக்கி வடக்கே செல்லும் சாலையில் அமைந்த பழைய ஊர் கோட்டுச்சேரி. அதற்குக் கிழக்கே, கடலை ஒட்டிய மணல்மேட்டின்மீது எழுந்த மீனவர் குடியிருப்பு கோட்டுச்சேரிமேடு. வடக்கே சிறிது தொலைவில் நண்டலாறு ஓடுகின்றது. அதனைக் கடந்தால் தமிழ்நாடு. இப்பால் இருப்பது புதுச்சேரி யூனியன் பிரதேசம். ஆயினும் அப்பிரதேசத்தின் தலைநகரை அடைய வேண்டுமாயின் தமிழ்நாட்டு மண்ணின் வழியே சுமார் 130 கிலோமீட்டர் செல்லவேண்டும். ஆளப்படும் இடத்திற்கும் ஆளும் இடத்திற்கும் நடுவே வேறொரு மாநிலம் கிடப்பது காரைக்காலின் நிலவியல். அதன் அரசியல் வரலாறும் பெரும்பாலும் அந்நிலவியலின் விளைவே எனலாம்.

சோழமண்டலக் கரையின் மீனவ ஊர்கள் நெடுங்காலமாகவே இருவகைக் கணக்குகளை அறிந்தவை. ஊருக்குள் வரி தண்டும்போது தலைக்கட்டுக் கணக்கு. இத்தனை தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வகுப்பர். பல ஊர்கள் கூடி வழக்குத் தீர்க்கும்போதோ ஊர்க்கணக்கு. பெரிய ஊராயினும் சிறிய ஊராயினும் அதன் நாட்டார் பேசும் சொல் ஊரின் சொல்லாகவே ஏற்கப்படும். அவ்வூரில் எத்தனை தலைக்கட்டு என்று அவ்விடத்தில் எவரும் எண்ணிப்பார்ப்பதில்லை. (தலைக்கட்டு என்பது ஆண்களையே எண்ணும் கணக்கு என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. கரையில் மீன் விற்றுக் குடும்பத்தைத் தாங்கும் பெண் அக்கணக்கில் இல்லை.) உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் காட்டும் குடவோலை முறையிலும் இதே கருத்து உண்டு. முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அக்கல்வெட்டுகளின்படி ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. குடும்புக்கு ஒருவர் பெயர் குடத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு குடும்பில் எத்தனை பேர் என்பது அங்கே கேள்வியன்று.

புதுச்சேரிச் சட்டப்பேரவையிலும் இன்று தேர்ந்தெடுக்கப்படுவோர் 30 பேர் என்பது தற்செயலான ஒற்றுமை. ஆனால் 2011ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த 30 தொகுதிகளின் பட்டியலைப் புரட்டியவர்கள், அதற்கு முந்தைய 2006ஆம் ஆண்டுத் தேர்தல்வரை அதில் இருந்த ஒரு பெயர் இல்லாததைக் கண்டனர். அப்பெயர் கோட்டுச்சேரி. ஒரு தொகுதி எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு மறைந்தது என்பதைக் காண வேண்டுமாயின் ஊர்க்கணக்கு படிப்படியாகத் தலைக்கணக்குக்கு இடங்கொடுத்த கதையை முதலிலிருந்தே காணல் வேண்டும்.

காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. ஆங்கிலேயரோடு நேர்ந்த போர்களில் பன்முறை கைமாறி, 1817இல் மீண்டும் அவர்களிடமே நிலைத்தது. 1848ஆம் ஆண்டுப் புரட்சி பாரிசில் முடியாட்சியை வீழ்த்தியபோது, அதன் அலை இக்கரையையும் தொட்டது. பிரெஞ்சிந்தியா முழுமைக்கும் ஓர் உறுப்பினர் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் அமரலாம் என்றாயிற்று. நான்கே ஆண்டுகளில் அவ்வுரிமை பறிக்கப்பட்டு, 1871இல் திரும்பவும் வழங்கப்பட்டது. இதில் வியப்பு ஒன்றுண்டு. நண்டலாற்றின் தென்கரையில் வாழ்ந்த உழவனோ மீனவனோ வயது வந்த ஆண்மகன் என்ற ஒரே தகுதியால் வாக்குச்சீட்டைக் கையில் ஏந்தினான். வடகரையில் பொறையாற்றில் வாழ்ந்த அவன் உறவினனுக்கு அன்று அத்தகைய உரிமை எதுவுமில்லை. பின்னர்ச் சென்னை மாகாணத்தில் வாக்குரிமை வந்தபோதும் அது சொத்துடையார்க்கும் வரி செலுத்துவார்க்குமே வந்தது. வயது வந்தோர் அனைவரும் வாக்களித்தது 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில்தான். ஆற்றின் அகலம் சில நூறு அடி. வாக்குரிமையில் அக்கரைக்கும் இக்கரைக்கும் இருந்த தொலைவு எண்பது ஆண்டு.

இதைக் கேட்டுப் பிரெஞ்சு ஆட்சியைப் பாராட்டத் தொடங்குவோர் சற்றுப் பொறுத்தல் வேண்டும். வாக்கு இருந்தது, வாக்கின் எடை வேறாக இருந்தது. 1879இல் பிரெஞ்சிந்தியாவுக்கெனப் பொதுக் குழு ஒன்று நிறுவப்பட்டபோது வாக்காளர் இரண்டு பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டனர். ஐரோப்பியரும் அவர்தம் வழித்தோன்றல்களும் ஒன்று, இந்தியர் மற்றொன்று. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தம் குலவழக்குச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் ரெனோன்சான் எனப்பட்டனர். பொன்னுத்தம்பிப் பிள்ளையின் தலைமையில் எழுந்த அவ்வியக்கம், சட்டத்தின்முன் சமத்துவம் வேண்டியது. பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றோம், ஆகவே பிரெஞ்சுக்காரரோடு ஒரே பட்டியலில் எம்மைச் சேருங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. கிடைத்ததோ 1884இல் ஒரு மூன்றாவது பட்டியல். ஐரோப்பியருக்கு ஒன்று, ரெனோன்சான்களுக்கு ஒன்று, ஏனைய இந்தியருக்கு ஒன்று. பட்டியல் ஒவ்வொன்றுக்கும் சமமான இடங்கள். 1899இல் மூன்று மீண்டும் இரண்டாயிற்று. இவ்வேற்பாட்டினால் சில நூறு பேரைக் கொண்ட முதற்பட்டியலும் பல்லாயிரவரைக் கொண்ட இந்தியர் பட்டியலும் குழுவில் ஒத்த வலிமை பெற்றன. சமநிலை என்னும் சொல்லை இதைவிடக் கொடுமையாகப் பயன்படுத்தியவர் அரியர். மக்கள்தொகைக்கேற்ற பிரதிநிதித்துவம் என்ற கோரிக்கை இம்மண்ணில் பிறந்தது இப்பட்டியல்களின் எதிரொலியாகவே என்பதை மறத்தலாகாது. தலையை எண்ணுங்கள் என்பது அன்று எளியோரின் குரல்.

கோட்டுச்சேரி என்னும் பெயர் ஆட்சி ஏடுகளில் தனி இடம் பெற்றதும் இக்காலத்திலேதான். 1880இல் பிரெஞ்சிந்தியா 10 கொம்யூன்களாக வகுக்கப்பட்டபோது காரைக்காலுக்குரியவை மூன்று. 1907இல் கொம்யூன்கள் 17 ஆயின, காரைக்காலுக்கு ஆறு. காரைக்கால், திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் என்பன அவ்வாறும். பிரெஞ்சு ஏடுகள் பட்டினத்தைக் 'கிராந்த் அல்தே' என்று குறித்தன. திருஞானசம்பந்தர் பாடிய திருவேட்டக்குடி முதலிய ஊர்களைத் தன்னுள் அடக்கிய கோட்டுச்சேரிக் கொம்யூனுக்கு ஒரு நகரசபையும் அதன் தலைவராக ஒரு மேரும் உண்டு. தேர்தல்கள் தூயவையாக நடந்தன என்று எவரும் கூறார். அடியாட்களும் கள்ள வாக்கும் மலிந்த தேர்தல்களே அவை. எனினும் கடலோரக் குடியிருப்பில் கிணறு தூர்ந்தால் நடந்துசென்று முறையிடத்தக்க தொலைவில், தேர்ந்தெடுக்கப்பெற்ற ஒருவர் இருந்தார் என்பது உண்மை.

1945 ஆகஸ்டு 23ஆம் நாள் ஆணை இரட்டைப் பட்டியலை ஒழித்தது. பெண்களும் வாக்குரிமை பெற்றனர். தலைக்கட்டில் எண்ணப்படாத கோட்டுச்சேரிமேட்டுப் பெண் வாக்காளர் பட்டியலில் எண்ணப்பட்டாள். அடுத்த ஆண்டு, 1946 அக்டோபர் 25ஆம் நாள் ஆணையால், பழைய பொதுக் குழுவுக்கு மாற்றாகப் பிரதிநிதித்துவ சபை தோன்றியது. அதன் உறுப்பினர் 44 பேர். புதுச்சேரிக்கு 22, காரைக்காலுக்கு 12, சந்திரநாகூருக்கு 5, மாகேக்கு 3, ஏனாமுக்கு 2.

இவ்வெண்களின்மீது சற்று நேரம் கண்பதித்தல் தகும். புதுச்சேரிக்கு 22, ஏனைய நான்கு பகுதிகளையும் கூட்டினாலும் 22. அதாவது தலைநகர்ப் பகுதி தனித்து நின்று எதனையும் நிறைவேற்ற இயலாது. பிற பகுதியினர் அனைவரும் ஒன்றுகூடினாலும் தலைநகர்ப் பகுதியை மீற இயலாது. ஊர்க்கணக்கை இதைவிடத் துல்லியமாக ஒரு சட்டசபைக்குள் கொண்டுவர முடியுமா என்பது ஐயமே. தலைக்கணக்கு வேறாக இருந்தது. 1951ஆம் ஆண்டுக்கெனக் குடிக்கணக்கு ஏடுகள் தரும் எண்களின்படி புதுச்சேரியின் மக்கள்தொகை 2,22,566, காரைக்கால் 70,541, மாகே 18,293, ஏனாம் 5,853. ஆகவே புதுச்சேரியில் ஏறத்தாழ 10,100 பேருக்கு ஓர் உறுப்பினர். காரைக்காலில் 5,900 பேருக்கு ஒருவர். மாகேயில் 6,100 பேருக்கு ஒருவர். ஏனாமிலோ 2,900 பேருக்கே ஒருவர். ஏனாமில் வாழ்ந்த ஒருவரின் வாக்கு, புதுச்சேரியில் வாழ்ந்த ஒருவரின் வாக்கைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் எடையுடையது. சிதறிக்கிடந்த சிறு பகுதிகளைத் தன் பக்கம் நிறுத்திக்கொள்ள விரும்பிய ஓர் ஆட்சி இவ்வாறு வகுத்திருக்கலாம் என்று எண்ண இடமுண்டு. நோக்கம் எதுவாயினும், காரைக்காலின் குரல் அதன் தலைக்கணக்கைவிட உரத்து ஒலித்த காலம் அது.

சந்திரநாகூர் 1949இல் மக்கள் வாக்கெடுப்பின்வழி இந்தியாவோடு சேர முடிவுசெய்து, 1950இல் பிரிந்தது. 1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேர். அவருள் 170 பேர் இணைப்புக்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. சட்டமுறையான இணைப்பு 1962 ஆகஸ்டு 16இல் நிறைவுற்றது. இடைப்பட்ட காலத்தில் பிரதிநிதித்துவ சபை 39 இடங்களோடு தொடர்ந்தது: புதுச்சேரி 22, காரைக்கால் 12, மாகே 3, ஏனாம் 2. 1955ஆம் ஆண்டுத் தேர்தலில் பாவேந்தர் பாரதிதாசன் அச்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றதைக் கவிஞர்கள் அறிவர். அவர் அமர்ந்த அவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கைகள் காரைக்காலுக்குரியவை என்பதை அறிந்தோர் சிலரே. இருப்பினும் நுட்பமான ஒரு மாற்றம் அதற்குள் நிகழ்ந்திருந்தது. 39 பேர் கொண்ட அவையில் பெரும்பான்மைக்கு 20 போதும். புதுச்சேரியின் கையில் 22 இருந்தன. சந்திரநாகூரின் ஐவர் எழுந்து சென்றபோது பழைய சமநிலையும் அவர்களோடு சென்றுவிட்டது. அன்று அதை எவரேனும் பெரிதாகக் கருதியதாகத் தெரியவில்லை. விடுதலையின் ஆரவாரத்தில் கூட்டல் கழித்தல் யாருக்கு நினைவுக்கு வரும்?

1963ஆம் ஆண்டு யூனியன் பிரதேசங்கள் ஆட்சிச் சட்டம் அவ்வாண்டு சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பிரதிநிதித்துவ சபை சட்டப்பேரவையாயிற்று. தேர்ந்தெடுக்கப்படுவோர் 30; மைய அரசு நியமிக்கத்தக்கவர் மூவருக்கு மேற்படாதோர். 1974ஆம் ஆண்டுத் தேர்தலின் தொகுதிப் பட்டியலை நோக்கினால் புதுச்சேரிக்கு 21, காரைக்காலுக்கு 6, மாகேக்கு 2, ஏனாமுக்கு 1 எனக் காண்கிறோம். 1955ஆம் ஆண்டின் பட்டியலோடு ஒப்பிட்டால் குறைந்த இடங்கள் ஒன்பது. அவ்வொன்பதில் ஆறு காரைக்காலுடையவை. புதுச்சேரி இழந்தது ஒன்றே.

அநீதி என்று சொல்லத் தோன்றும். காரைக்காலில் அவ்வாறு சொல்வாரும் உளர். ஆனால் 1971ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை எடுத்துவைத்துப் பார்க்கும்போது அச்சொல் நாவில் தங்குகின்றது. அப்போது யூனியன் பிரதேசத்தின் மக்கள்தொகை 4,71,707. காரைக்காலின் மக்கள்தொகை 1,00,042. முப்பது இடங்களை அவ்விகிதப்படி பகிர்ந்தால் காரைக்காலுக்கு உரியது 6.36. கிடைத்தது 6. முன்பு கிடைத்த 12 என்பது சலுகை. இப்போது கிடைத்த 6 என்பது கணக்கு. அக்கணக்கிலும் ஒரு சிறு குறை உண்டு. காரைக்காலில் சுமார் 16,700 பேருக்கு ஓர் உறுப்பினர். புதுச்சேரியில் 16,200 பேருக்கு ஒருவர். மாகேயில் 11,600 பேருக்கும் ஏனாமில் 8,300 பேருக்கும் ஒருவர். நான்கு பகுதிகளுள் அன்று மிகக் குறைந்த எடையுடைய வாக்கு காரைக்கால் வாக்கே. வேறுபாடு சிறிது; ஆனால் சலுகை பெற்ற பகுதி என்ற பழைய பெயர் அப்போதே பொருளிழந்துவிட்டது என்பதற்கு இது போதிய சான்று.

ஆறு பேரோடும் காரைக்கால் அரசியலில் ஒதுங்கியிருக்கவில்லை. எஸ். இராமசாமியும் ப. சண்முகமும் காரைக்கால் மண்ணிலிருந்து சென்று முதலமைச்சர் பொறுப்பேற்றவர்கள். ஆட்சிகள் கவிழ்வதும் அமைவதுமாக இருந்த பேரவையில் ஆறு பேர் ஒருபுறம் சாய்ந்தால் அமைச்சரவையே ஆடும். சிறிய அவையில் சிறிய எண்ணுக்கு உள்ள வலிமை அது.

அடுத்த முப்பது ஆண்டுகளில் புதுச்சேரி நகரமும் அதைச் சூழ்ந்த ஊர்களும் தொழிலாலும் கல்வி நிறுவனங்களாலும் பெருகின. காரைக்காலும் வளர்ந்தது, ஆனால் அவ்வளவு விரைவாக அன்று. 2001ஆம் ஆண்டுக் கணக்கில் யூனியன் பிரதேசம் 9,74,345, புதுச்சேரி 7,35,332, காரைக்கால் 1,70,791, மாகே 36,828, ஏனாம் 31,394. பழைய ஒதுக்கீட்டின்படி புதுச்சேரியில் சுமார் 35,000 பேருக்கு ஓர் உறுப்பினர் இருக்க, காரைக்காலில் 28,500 பேருக்கு ஒருவர். மாகேயில் 18,400 பேருக்கே ஒருவர். இம்முறை குறை சொல்லும் உரிமை புதுச்சேரியுடையது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி வரையறை ஆணையம் அக்குறையைத் தீர்த்தது. புதுச்சேரிக்கு 23, காரைக்காலுக்கு 5, மாகேக்கு 1, ஏனாமுக்கு 1. விகிதப்படி காரைக்காலுக்கு உரியது 5.26, மாகேக்கு 1.13, ஏனாமுக்கு 0.97, புதுச்சேரிக்கு 22.64. எவ்வாறு வகுத்தாலும் இதே எண்களே வரும். ஆணையத்தின் கூட்டல் கழித்தலில் பிழை கூற இடமில்லை.

அந்த ஒன்றைக் குறைப்பதற்காக அழிக்கப்பட்ட பெயரே கோட்டுச்சேரி. கோட்டுச்சேரி நெடுங்காட்டுத் தொகுதியோடு இணைக்கப்பட்டது. நெடுங்காடு பட்டியல் இனத்தவர்க்கு ஒதுக்கப்பெற்ற ஐந்து தொகுதிகளுள் ஒன்று. ஆகவே கோட்டுச்சேரியில் வாழும் ஏனைய வகுப்பினர் தம் ஊர் அடங்கிய தொகுதியில் வாக்களிக்கலாமேயன்றி வேட்பாளராக நிற்றல் இயலாது. இதனை இழப்பாகக் கருதுவோர் அவ்வொதுக்கீடும் தலைக்கணக்கின் வழியே வந்ததென்பதை நினைத்தல் வேண்டும். நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேராக உள்ள மக்களுக்கு 30இல் 5 என்பது, சாதியால் நெடுங்காலம் அவைக்கு வெளியே நிறுத்தப்பட்டோர்க்கு உரிய பங்கு. அங்கே ஒரு நியாயத்தோடு மற்றொரு நியாயம் உரசுகிறது. ஒன்று தவறென்பதால் உரசவில்லை.

இவ்வரலாற்றில் உண்மையாகவே உறுத்துவது வேறொன்று. அதைக் காண்பதற்குத் தமிழ்நாட்டின் நிலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும். 1962ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை மாநிலத்திற்கு மக்களவையில் 41 இடங்கள். 1961ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் விளைவாக 1967இல் அவை 39 ஆயின. மக்கள்தொகை பிற மாநிலங்களை நோக்க மெல்லப் பெருகியதற்கு விலை இரண்டு இடங்கள். இத்தகைய விலையை மாநிலங்கள் மேலும் செலுத்தாதிருக்க 1976இல் 42ஆம் அரசியலமைப்புத் திருத்தம் மாநிலங்களுக்கு இடையிலான ஒதுக்கீட்டை உறையவைத்தது. 2001இல் 84ஆம் திருத்தம் அவ்வுறைவை 2026ஆம் ஆண்டுக்குப் பின் எடுக்கப்படும் முதற் குடிக்கணக்கு வரை நீட்டியது. எனவே 2008இல் எல்லைகள் மாறியபோதும் தமிழ்நாட்டின் 39 அப்படியே நின்றது. அதே வரையறையில், அதே 2001ஆம் ஆண்டுக் கணக்கைக் கொண்டு, காரைக்காலின் 6 மட்டும் 5 ஆயிற்று. மாநிலம் என்பது சட்டத்தின் கண்ணில் ஓர் ஊர். அதற்கு ஊர்க்கணக்கு உண்டு. காரைக்கால் சட்டத்தின் கண்ணில் ஊரன்று, ஓர் யூனியன் பிரதேசத்தின் உட்பகுதி. அதற்குத் தலைக்கணக்கே உண்டு. நடுவே 130 கிலோமீட்டர் வேற்று மாநிலம் கிடப்பது எண்ணப்படவில்லை. நண்டலாற்றின் வடகரையில் ஒரு நெறியும் தென்கரையில் மற்றொரு நெறியுமாக, வாக்குரிமையில் 1871இல் கண்ட வேறுபாடு தலைகீழாகத் திரும்பி வந்தது போலும்.

அவ்வாறாயின் தொலைவுக்கும் நிலப்பரப்புக்கும் தனியே எடை தரலாகாதா என்று கேட்கலாம். தந்து பார்த்த நாடு பக்கத்திலேயே உள்ளது. இலங்கையில் சோல்பரி ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி அமைந்த 1946ஆம் ஆண்டு அரசியலமைப்பு, 75,000 மக்களுக்கு ஓர் இடம், அதன்மேல் 1,000 சதுர மைலுக்கு ஓர் இடம் என்று வகுத்தது. ஜி.ஜி. பொன்னம்பலம் கோரிய ஐம்பதுக்கு ஐம்பது மறுக்கப்பட்டபின், மக்கள் அடர்ந்து வாழாத பகுதிகளில் உள்ள சிறுபான்மையினர்க்கு இவ்வேற்பாடு துணை நிற்கும் என்பது எதிர்பார்ப்பு. நிலப்பரப்பின் கணக்கில் மட்டும் 25 இடங்கள் கூடின. ஆனால் 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் மலையகத் தமிழரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தபின் நடந்தது என்ன? தொகுதி வகுக்கும் கணக்கில் அவர்களின் தலைகள் தொடர்ந்து எண்ணப்பட்டன. வாக்குச் சாவடியில் எண்ணப்படவில்லை. தோட்டத்தில் கொழுந்து பறித்தவளின் தலைக்காகக் கிடைத்த இடத்தில், அவள் வாக்கில்லாமலே வேறொருவர் அமர்ந்தார். எடை கூட்டுவது எளிது; அது யார் தட்டில் விழும் என்பதை முன்னறிவது எளிதன்று. ஆதலின் 12 இடங்கள் இருந்த காலத்தை மீட்க வேண்டும் என்போர் ஏனாமையும் நினைத்துப் பார்த்தல் நன்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கில் காரைக்காலின் மக்கள்தொகை 2,00,222. உறுப்பினர் ஒருவருக்குச் சுமார் 40,000 பேர். புதுச்சேரியில் 41,300 பேர். மாகேயில் 41,800 பேர். ஏனாமில் 55,626 பேருக்கு ஒரே உறுப்பினர். ஒருகாலத்தில் மிகுந்த எடை பெற்றிருந்த ஏனாம் வாக்கே இக்கணக்கில் மிக இலேசானது. தலைக்கணக்கின்படி முறையிடத்தக்கவர் கோதாவரிக் கரையில் இருக்கின்றனர், காரைக்காலில் அல்லர்.

காரைக்காலின் குறை எண்ணில் இல்லை. எண் குறைந்தபோது அதற்கு ஈடாக வேறொன்றும் வைக்கப்படாததில் உள்ளது. பேரவையில் பெரும்பான்மைக்கு 16 போதும். புதுச்சேரிப் பகுதியிடம் 23 உண்டு. காரைக்காலின் ஐவர் அவையில் இல்லாமலே ஓர் அரசு அமையலாம், நடக்கலாம். அந்த ஐவருக்கு எதிரே, எந்தத் தொகுதியும் எந்த மக்களும் அனுப்பாத நியமன உறுப்பினர் மூவர் அமரலாம். 2017இல் மைய அரசு பிரதேச அரசைக் கலவாது மூவரை நியமித்தது. அவ்வதிகாரம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2021 பிப்ரவரியில் ஓர் அமைச்சரவை நம்பிக்கை கோரியபோது எழுந்த பூசலும் அம்மூவரின் வாக்கைப் பற்றியதே. சட்டம் அவ்வாறு இருக்கலாம். ஆயினும் இரண்டு இலட்சம் பேர் அனுப்பியவர் ஐவராகவும், எவரும் அனுப்பாதவர் மூவராகவும் ஒரே அவையில் ஒத்த வாக்கோடு அமர்வதைப் பார்க்கும்போது, 1884ஆம் ஆண்டின் பட்டியல்கள் நினைவுக்கு வராமல் இரா.

மற்றோர் ஈடு, வீட்டு வாயிலில் இருந்திருக்க வேண்டிய உள்ளாட்சி. 1907இல் தொடங்கிய கோட்டுச்சேரிக் கொம்யூனுக்கு 1973ஆம் ஆண்டுச் சட்டம் கொம்யூன் பஞ்சாயத்து என்று புதுப்பெயர் தந்தது. பெயர் வந்தது, தேர்தல் வரவில்லை. 1968இல் நகரசபைகளுக்கு நடந்த தேர்தலுக்குப்பின், புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல். இடையில் 38 ஆண்டுகள். அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2011இல் முடிந்தது. கோட்டுச்சேரி பேரவைத் தொகுதிப் பட்டியலிலிருந்து மறைந்ததும் அதே 2011ஆம் ஆண்டுத் தேர்தலில்தான். 2021இல் அறிவிக்கப்பட்ட உள்ளாட்சித் தேர்தலும் நடைபெறாமல் நின்றது. தேர்ந்தெடுக்கப்பெற்றவர் இருக்க வேண்டிய நாற்காலியில் அதிகாரிகள் அமர்ந்தனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை காரைக்கால் கடற்கரை ஊர்களைத் தாக்கியபோதும் கொம்யூனில் தேர்ந்தெடுக்கப்பெற்ற உறுப்பினர் எவருமில்லை. அன்று கோட்டுச்சேரிக்கென ஒரு சட்டமன்ற உறுப்பினராவது இருந்தார். வீட்டுமனைப் பட்டா, படகு இழப்பீடு, தூண்டில் வளைவு என்று கேட்பதற்கு எத்தனையோ உள்ள மக்களுக்கு, கேட்கும் இடம் நெடுங்காட்டு உறுப்பினர் ஒருவரிடமோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ சுருங்கிற்று. நாட்டார் பஞ்சாயத்து இன்றும் கூடுகின்றது. அங்கே ஊருக்கு ஒரு சொல் உண்டு. ஆனால் அச்சொல் அரசின் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

தேர்தல் ஆணையத்தின் ஆவணங்களில் அத்தொகுதியின் பெயர் நெடுங்காடு, அவ்வளவே. காரைக்காலின் சுவரொட்டிகளும் தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களும் அவ்வாறு எழுதுவதில்லை. அவற்றில் அது 'நெடுங்காடு-கோட்டுச்சேரித் தொகுதி'.